அகராதிச் செயலியில் உள்ள பிழை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ‘எக்ஸாஸ்பரேஷன்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள தவறான விளக்கம்

ஐயா / அம்மையீர்,

தங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா செலுத்தி, என் மாலை வகுப்பு மாணவர்களுக்கும் அதையே பரிந்துரைத்து வருகிறேன். அதில் ‘எக்ஸாஸ்பரேஷன்’ என்ற சொல்லுக்குக் ‘கோபம், ஆத்திரம்’ என்று மட்டுமே பொருள் உள்ளது.

அண்மையில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஒரு பத்தி கொடுத்திருந்தேன். மறதி மிகுந்த தாத்தா பத்தாவது முறையாக மணி கேட்க, பேத்தி எக்ஸாஸ்பரேஷனுடன் பதில் சொல்கிறாள். தங்கள் செயலியை நம்பிய மாணவி ‘ஆத்திரத்துடன் சொன்னாள்’ என்று எழுதியதால், தாத்தா மீது பாசமுள்ள அந்தப் பேத்தி ஈவிரக்கமற்றவளாகிவிட்டாள். ‘சலித்துக்கொண்டே சொன்னாள்’ என்பதல்லவா அங்கே வேண்டியது? கோபம் ஒரே சொல்லில் மூண்டுவிடும். இதுவோ, ஒன்றே திரும்பத் திரும்ப நிகழ்ந்து பொறுமை தேய்ந்தபின் வருகிற எரிச்சல். ‘அலுத்துக்கொள்ளுதல்’, ‘போதும் போதும் என்றாகிவிடுதல்’ என நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் வழக்குகள் இருக்க, ஆத்திரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சொற்பிறப்புக் குறிப்பும் பிழையானதே. மூச்சைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து இது வந்ததாகத் தாங்கள் எழுதியிருப்பதற்குக் காரணம், எரிச்சலில் விடும் பெருமூச்சாக இருக்கலாம். உண்மையில் இதன் வேர், சொரசொரப்பானது என்று பொருள்படும் ‘ஆஸ்பெர்’ என்ற லத்தீன் சொல். கடுமையைக் குறிக்கும் ‘ஆஸ்பெரிட்டி’யும் அதிலிருந்து வந்ததே. நோய் முற்றுவதைக் குறிக்கவும் முன்பு ஆங்கிலத்தில் இச்சொல் வழங்கியது என்பதை அறிந்தால், மனம் உராய்ந்து உராய்ந்து புண்ணாகும் நிலை மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

மேலும், சலித்துப்போனவரைச் சுட்டும் ‘எக்ஸாஸ்பரேட்டட்’, சலிப்பூட்டுவதைச் சுட்டும் ‘எக்ஸாஸ்பரேட்டிங்’ ஆகிய இரண்டுக்கும் ஒரே பொருள் தரப்பட்டுள்ளது.

இவற்றைச் செயலியின் கருத்துப் பெட்டி வழியாக மூன்று முறை தெரிவித்தேன். மூன்று முறையும் ‘தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்ற ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. (எடுத்துக்காட்டு வாக்கியம் தேவைப்பட்டால் இதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.)

ஆகவே, இப்பதிவுகளை மொழியறிந்த ஒருவரைக் கொண்டு திருத்தி, அந்த விவரத்தை 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். இயலாதெனில், எஞ்சிய மாதங்களுக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
சந்தாதாரர்