பால் சொசைட்டியில் ஒரு மருந்துப் பெட்டி வேணும்ங்க

எங்க ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத் தலைவருக்கும், செயலாளருக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்ங்க.

பதினாலு வருசமாகக் காலையும் சாயங்காலமும் உங்கள் வாசலில் தூக்குப்போசியோடு நிற்கிறவள் எழுதுகிறேன். தீவாளி நோம்பிக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. அதற்குள் சங்கத்தில் ஒரு காரியம் ஆகவேண்டும். காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோயில் சுற்றுவட்டாரத்தில் பால் ஊத்துகிற மற்ற சங்கத்துக்காரர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பால் அளக்கிற அறையில், டெஸ்ட் மேசைக்கு மேலே, மாடு ஆடு நாய் பூனைக்கென்று ஒரு முதலுதவிப் பெட்டி வையுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், போன பட்டிப் பொங்கலன்று எங்கள் செவலை மாடு சாகப் பிழைக்கக் கிடந்தது. வழக்கம்போலப் பட்டியில் சாணியால் தெப்பக்குளம் கட்டி, கன்னுக்குட்டியை மிதிக்கவிட்டு, நோயும் நொடியும் போகட்டும் என்று தண்ணீர் தெளித்தோம். பிறகு பொங்கலும் வாழைப்பழமும் வெல்லமும் பிசைந்து ஊட்டினோம். நான் ஒரு உருண்டை, மாமியார் ஒரு உருண்டை, விருந்துக்கு வந்த நாத்தனார் பிள்ளைகள் ஆளுக்கு ரெண்டு. ஆசையாக ஊட்டுகிற பிள்ளைகளை யார் தடுப்பது? அது போதாதென்று மிச்சமிருந்த பொங்கலையும் யாரோ தாழியில் கொட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டுத்தரைக்குப் போனபோது மாடு அசை போடாமல் நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. இடது பக்க வயிறு முதுகெலும்பு மட்டத்துக்கு உப்பியிருந்தது. விரலால் சுண்டினால் பறையடித்த மாதிரி சத்தம்.

டவுனில் மருந்துக்கடைகள் சாத்தியிருந்தன. எப்போதும் வருகிற டாக்டர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அவர்மேல் எனக்குக் குறையில்லை, அவருக்கும் நோம்பிதானே. போனை எடுத்து விவரம் கேட்டு, ஆப்பச் சோடா நூறு கிராம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், மாட்டை நடத்துங்கள், முன்னங்காலை மேட்டில் வைத்து நிறுத்துங்கள் என்றார். வீட்டு டப்பாவில் இருந்தது ரெண்டு ஸ்பூன். பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்த தோட்டம் என்று டார்ச் அடித்துக்கொண்டு ஓடி, கிள்ளிக் கிள்ளிச் சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அவசரத்தில் மாட்டின் தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்து ஊத்தினேன். புரையேறி இருமியது. நாக்கைப் பிடித்து இழுக்காதே, தலையை மட்டத்துக்கு மேல் தூக்காதே, இருமினால் உடனே விட்டுவிடு, நுரையீரலுக்குள் போனால் சோடாவே எமன் என்று டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார்.

மாடு பிழைத்தது. பால் பழைய அளவுக்கு வர ஒரு மாசம் ஆனது. அந்தக் கணக்கு உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

அன்று ஓடின ஓட்டத்தில் சங்கக் கட்டடத்தைத் தாண்டித்தான் போனேன். உள்ளே விளக்கு எரிந்தது, பால் வண்டிக்காக உதவியாளர் தம்பி காத்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாக் கதவும் சாத்தியிருந்த ராத்திரியில் அந்த ஒரு கதவு திறந்திருந்தது. மாடு நோம்பி கொண்டாடிக்கொண்டு மடியில் பாலை நிறுத்தி வைக்காது. அதனால் தீவாளியானாலும் பொங்கலானாலும் ரெண்டு வேளையும் திறக்கிற இடம் ஊரில் நம்ம சொசைட்டி ஒன்றுதான். பெட்டியை வேறெங்கும் வைக்கச் சொல்லாமல் உங்களிடம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

வயிற்றுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், பொங்கலுக்கு முன்னால் நீங்கள் எல்லாருக்கும் சொல்லவேண்டியது அது. மாட்டின் முதல் இரைப்பையில் சோளத்தட்டையும் கொழுக்கட்டைப் புல்லையும் செரிக்கவைக்கிற நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அரிசியும் வெல்லமும் ஒரேயடியாக உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து அமிலம் ஊறுகிறது. நார் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துவிடும், இரைப்பை அசையாமல் நின்றுவிடும். சாணி தண்ணியாகப் புளித்த வாடையோடு போகும், மாடு தள்ளாடும், முற்றினால் படுத்துவிடும். சாமிக்குப் படைத்ததில் ஒரு கைப்பிடி கொடுத்தால் சாஸ்திரம் நிறைவேறிவிடும்.

தீவாளிக்கு வேறு மாதிரி ஆபத்து. ரெண்டு வருசத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாய், எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்துவிட்டது. கங்கு அணைந்து கறுப்பாகத் தெரிந்தாலும் கம்பி பழுக்கக் காய்ந்துதான் இருக்கும். முன்காலின் மெத்தை, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. யாரோ பல் தேய்க்கிற பேஸ்ட்டை எடுத்துத் தடவிவிட்டார்கள். மறுநாள் டாக்டர், புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த நாய் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீர் பத்து நிமிசம் விடாமல் ஊத்தவேண்டும், அவ்வளவுதான். ஐஸ் வேண்டாம், இங்க் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். சுத்தமான ஈரத்துணியைச் சுற்றிக் கூட்டிப் போகலாம்.

வலியில் இருக்கிற நாய் சோறு போட்ட கையையும் கடிக்கும். அதனால் பெட்டியில் நீளமாக ஒரு துணிப்பட்டை இருக்கட்டும், வாயைச் சுற்றிக் கட்ட. வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் அதைக் கட்டக் கூடாது.

விருந்தாளிகள் கொண்டுவருகிற பலகாரப் பையையும் மறக்க வேண்டாம். சாக்லேட், கேசரியில் கிடக்கிற உலர்திராட்சை, கறிக்குழம்பில் வெந்த வெங்காயம் எல்லாம் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். தின்றுவிட்டால் உப்பைக் கரைத்து ஊத்தி வாந்தி எடுக்கவைக்கிற கைவைத்தியமும் ஆபத்து. எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் போனில் சொன்னால் அவர் வழி சொல்வார்.

கூட்டத்தில் எழப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். பட்டியில் அடைத்த ஆட்டைத் தெருநாய் குதறிப் போடுகிற காலத்தில் நாய்க்கு மருந்துப் பெட்டியா என்று கேட்பீர்கள். விடிந்ததும் பட்டியில் செத்துக் கிடக்கிற ஆடுகளைப் பார்த்தவர்களுடைய கோபம் எனக்கும் உண்டு, என் ஆட்டுக்குட்டியும் போயிருக்கிறது. அந்த ஆட்டுக்கும் இதே பெட்டிதான். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவேண்டும். கழுவுகிறவர் கையுறை போடவேண்டும், ஏனென்றால் வெறிநோய்க் கிருமி நம் கையில் இருக்கிற கீறல் வழியாகவும் ஏறும். பிறகு ஆட்டுக்கும் தடுப்பூசி போடவேண்டும். கரிநாளன்றும் தீவாளியன்றும் கறிக்கழிவை மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு வேலியோரம் வீசாமல் குழி வெட்டி மூடினால், கூட்டமாக நாய் சேருவதே குறையும்.

என் வீட்டுக்கு ஒரு பெட்டி சேர்த்துவிட்டேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பஞ்சு, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி, ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ், கண்ணும் புண்ணும் கழுவ சலைன் பாட்டில், பீட்டாடின், மழுங்கின முனைக் கத்தரி, கிளுவை முள் எடுக்க ஒரு இடுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சு, கையுறை, டார்ச், டிஜிட்டல் தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரை ஆசனவாயில்தான் வைக்கவேண்டும். நாய்க்கும் மாட்டுக்கும் 101, 102 டிகிரி என்பது சாதாரணச் சூடு, நம் உடம்புக் கணக்கைப் போட்டுக் காய்ச்சல் என்று பயந்துவிடக் கூடாது. பீட்டாடினைப் பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஊத்தினால் புண் எரியாது. சங்கத்துப் பெட்டிக்கு இதோடு ஆப்பச் சோடா அரைக் கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர், புண்ணில் புழு வைக்காமல் இருக்க ஒரு ஸ்பிரே சேர்த்தால் போதும்.

நம்ம மாத்திரை எதையும் அதில் வைக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று கொடுத்தாலும் உயிர் போகும். நாய்க்கு வலி மாத்திரை என்று நாம் போடுகிற புரூஃபென் கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசியும், கிட்னி போகும்.

மூடியின் உள்பக்கம் 1962 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. கூடவே நம்ம பகுதி டாக்டர் எண், உடுமலைப்பேட்டை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் எண். நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால் யாராவது கூப்பிட்டு, அன்றைக்கு யார் இருப்பார்கள், எத்தனை மணி வரை என்று கேட்டு அந்தத் தாளிலேயே குறித்துவிடவேண்டும். சாவி உதவியாளர் தம்பியிடமும் தலைவர் வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். தீவாளிக்கு முன்னால் ஒரு தரம், போகிக்குக் காப்புக் கட்டுகிற அன்று ஒரு தரம் திறந்து காலாவதித் தேதி பார்த்தால் போதும். அந்த வேலையை நான் செய்கிறேன்.

பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டாம்ங்க. வர்ற திங்கட்கிழமை காலைப் பாலோடு என் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டெஸ்ட் மேசைமேல் வைக்கிறேன். திறந்து பாருங்கள். சோடாவும் எண்ணெயும் ஸ்பிரேயும் சங்கம் வாங்கட்டும். பெட்டி மாட்ட ரெண்டு ஆணி அடித்துத் தந்தால் சரி.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தில் ரெண்டு வேளையும் பால் ஊத்துகிற உறுப்பினர்