அட்டையில் ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டையில் பிரஷர், சீனி, குளிசை எல்லாம் விவரமாக இருக்கும். பேச்சுக்கு மட்டும் 'பேச்சுப் பாதிப்பு' என்று ஒரே வரி. எந்த வகைப் பாதிப்பு என்று தெரியாமல் வீட்டார் எதைப் பழக்குவது?

வாய்த் தசை தளர்ந்து பேச்சுக் குழறுபவருக்கு மெதுவாக, உரக்கப் பேசும் பயிற்சி உதவும். சொல்லே அகப்படாதவருக்கு நாக்குப் பயிற்சியால் பயனில்லை. பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் இருப்பதால், வலது கை கால் விழுந்தவர்களிடமே இதை அதிகம் காணலாம். இன்னும் சிலர் தடையின்றிப் பேசுவார்கள், ஆனால் பொருள் இராது. நாம் சொல்வதும் விளங்காது. அவர்களுக்கு 'மண்டை பிழைச்சிட்டுது' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது பைத்தியமல்ல, மொழிக்கு ஏற்பட்ட சேதம்.

டிவியை நிறுத்திவிட்டு முன்னால் இருந்து பேசுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிடத் தேத்தண்ணியையும் தண்ணியையும் காட்டி "எது?" என்பது எளிது. 10 விநாடியாவது பொறுத்து, வராவிட்டால் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். 'ஓம்', 'இல்லை' மாறி வரலாம். கேட்டதை வேறு விதமாக இன்னொரு தரம் கேட்டே உறுதிசெய்ய வேண்டும். பயிற்சி ஒரு தடவைக்கு 15–20 நிமிடம், களைப்பில்லாத நேரம் பார்த்து. எண்ணும் தேவாரமும் வருவதைக் கண்டு பேச்சு திரும்பிவிட்டதென எண்ண வேண்டாம். மனப்பாடம் வேறு வழியாக வருவது. ஆனால் அதைப் பயன்படுத்தலாம்: ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டுபோய்ப் பேரனின் வயதில் நிறுத்தப் பழக்குங்கள்.

பேச்சோடு விழுங்குவதும் பாதிக்கப்படலாம். அதுதான் உயிருக்கு ஆபத்து. படுக்கவைத்துக் கஞ்சி பருக்கினால் அது சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வரலாம். நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுத்து, பிறகும் அரைமணி நேரம் இருத்துங்கள். இருமினாலோ தொண்டையில் தண்ணி நிற்பதுபோலக் குரல் களகளவெனக் கேட்டாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டவேண்டும். இருமாமலே சுவாசப்பைக்குள் இறங்குவதும் உண்டு. அதனால் விழுங்கலைச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகம். பிறகும் அது நின்றுவிடுவதில்லை. துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் ஒருவரைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றிவரும் குடும்பத்துக்கு இரண்டு தனித்தனித் திகதிகள் கட்டுபடியாகாது. பிரஷர் கிளினிக் நாளிலேயே பேச்சுச் சிகிச்சையையும் வையுங்கள். இடைப்பட்ட கிழமைகளில் தொலைபேசி வீடியோவில் பயிற்சியைத் தொடரலாம். அட்டையில் பாதிப்பின் வகையையும் விழுங்கற் சோதனையின் முடிவையும் தமிழில் எழுதிக் கொடுக்க மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆவன செய்ய வேண்டும்.

பேச்சுச் சிகிச்சைப் பணியில் உள்ளோர்,
கிளிநொச்சி