அட்டாலியில் கிடக்கும் இசைத்தட்டுகள்

ஆசிரியருக்கு,

நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட ரேடியோ செட்காரர் வீடுகளில், ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கமெல்லாம், இசைத்தட்டுகள் இன்னும் அட்டாலியில் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, 'ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவது, 96 கிலோஹெர்ட்ஸா, 192-ஆ?' ஊசி ஓடும் வரிப்பள்ளத்தில் அழுக்கு இருந்தால் 192 அந்த அழுக்கைத்தான் துல்லியமாகப் பதியும்.

முதலில் கழுவ வேண்டும். நம்மூர் போர் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து தட்டே பாழ்.

அடுத்தது ஊசி. எல்.பி. என்னும் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுக்கான ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு, 78-க்கு வேண்டியது சுமார் 3 பங்கு. எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி வெறும் இரைச்சலைத்தான் தரும். ஊசியைத் தாங்கும் கனத்த தலையில் நூறு கல்யாணம் ஓடித் தேய்ந்த தட்டுக்குச் சற்றே வேறு அளவு முனை போட்டால், தேயாத சுவரில் ஊசி உட்காரும்.

பிளேயரை லேப்டாப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். தட்டில் பேஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதை நேராக்கி, ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்க ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு பெட்டி வேண்டும். அதிலேயே எர்த் வயரையும் கட்டுங்கள். விட்டால் 50 ஹெர்ட்ஸ் முனகல் பாட்டு முழுக்கக் கேட்கும்.

பதிவுக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தாராளம். பதிவில் ஒலியின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரம் சுமார் 2 ஜி.பி. பிடிக்கும், ஃபிளாக் (FLAC) கோப்பு வடிவத்தில் சேமித்தால் தரம் குறையாமல் சுருங்கும். மோனோ தட்டையும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். பிறகு இடது, வலது சேனல் இரண்டையும் சேர்த்தால் ஊசியின் மேல்கீழ் ஆட்டத்தில் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

'டிக் டிக்' நீக்கும் மென்பொருளை நகலில் மட்டும் ஓட்டுங்கள். அளவு மிஞ்சினால், நாதஸ்வரத் தட்டில் தவில் குச்சி விழும் அடியையும் கீறல் என்று நினைத்து வழித்துவிடும்.

இப்படிக்கு,
இசைத்தட்டுப் பிரியர்கள்,
பெருந்துறை