மூர்த்தியின் 127

கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்து போய்விட்டாள், வீடு காலியாகக் கிடக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சி சொல்கிறபடி மாத்திரையைச் சாப்பிடு. மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இது போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து கெடுத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நட்டு மூர்த்தி அந்தக் கல்லூரி வேலையை விட்டுவிட்டான்.

கல்லூரிப் பெயர் வேண்டாம். இரும்பு கடைகிற பழைய லேத் நான்கு அங்கே ஓடாமல் நின்றது, சரி செய்யக் கூப்பிட்டார்கள், போனான், அது வரைக்கும் உனக்குத் தெரியும். அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். லேத் ஓட ஆரம்பித்ததும் பையன்கள் அவனைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். துறைத் தலைவர் நல்ல மனிதர், நீங்களே சொல்லிக் கொடுங்கள் என்று விட்டுவிட்டார். நிர்வாகமும் வேலைக்கு உத்தரவு கொடுத்தது. பதவி: பணிமனை உதவியாளர். பெருக்குகிறவருக்கு அடுத்த சம்பளம். அதற்கும் அவன் முகம் சுளிக்கவில்லை. போன மாதம் ஆய்வுக்குழு வந்தபோது, அன்றைக்கு மட்டும் லேத் பக்கம் வராமல் ஸ்டோர் ரூமில் இருந்துகொள்ளுங்கள் என்றார்களாம். பத்தாம் வகுப்பில் தேறாதவர் வகுப்பெடுக்கிறார் என்று தெரிந்தால் பிரச்சினையாம். அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். இதை அவன் சொல்லவில்லை, அவன் மனைவி சாந்திதான் சொல்லி அழுதாள்.

போன முறை நீ வந்திருந்தபோது சொன்னாயே, "மூர்த்திக்கு எப்படிச் செய்வது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. ஏன் என்பதைப் படிப்புதான் கொடுக்கும்" என்று. அன்றைக்கு சாப்பாட்டு நேரம், விட்டுவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்.

கல்லூரியிலிருந்த லேத்துகள் அங்குலக் கணக்கில் செய்தவை. வெட்டுகிற உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு நாலு மரை. அதில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு மரை வெட்ட வேண்டும். என்ன கியர் போடுவாய்? ஆசிரியர்கள் புத்தகத்து சூத்திரத்தைப் பார்த்து 40-ம் 127-ம் என்றார்கள். 127 ஏன் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். சூத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. மூர்த்தி சொன்னது இது: ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அரைகுறைப் பல் வைத்துக் கியர் செய்ய முடியாது, முழு எண் வேண்டும். 25.4-ஐ ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கிக்கொண்டே போ, ஐந்தாவதில்தான் புள்ளி போகும், 127 வரும். "அந்த 127-ஐ உடைக்கவும் முடியாது, இரண்டாலும் மூன்றாலும் ஏழாலும் போகாது. அதனால்தான் அத்தனை பெரிய சக்கரத்தைத் தூக்கி மாட்ட வேண்டியிருக்கிறது" என்று என்னிடம் சொன்னான். பகா எண் என்ற பெயர் அவனுக்கு ஞாபகமில்லை. நான் முப்பது வருடம் பகா எண் நடத்தியவன். அது எதற்காவது ஆகும் என்று இத்தனை தெளிவாக ஒரு மாணவனுக்கும் நான் காட்டியதில்லை.

அதோடு விடவில்லை. 40-ல் பாதி 20, 127-ல் பாதி 63½. அதனால் அந்தப் பெரிய கியர் இல்லாத பட்டறைகளில் 20-ம் 63-ம் மாட்டி ஒப்பேற்றுவார்கள். பையன்களை இரண்டு விதமாகவும் ஒவ்வொரு போல்ட் வெட்டச் சொன்னான். சின்ன நட்டு இரண்டிலும் ஏறியது. நீள நட்டு, 63-ல் வெட்டிய போல்டில் பாதி போய் இறுகிவிட்டது. ஒவ்வொரு மரைக்கும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றரை பாகத்துக்குச் சற்று மேல் சேர்ந்துகொண்டே போகிறது, ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் அது 0.4 மில்லிமீட்டராகிவிடுகிறது. பிழை எப்படிக் கூடுகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு பிழை தாங்கும் என்பதையெல்லாம் ஒரு மத்தியான நேரத்தில் நட்டைக் கையில் கொடுத்துப் புரியவைத்துவிட்டான். ராஜு, இது "எப்படி" மட்டும் தெரிந்தவன் செய்கிற காரியமா?

அப்புறம் ஏன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றான் என்று கேட்பாய். கேள். எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. 1985-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. பிரேசிலில் ரெசிஃபே நகரத்துச் சந்தையில் தேங்காயும் பழமும் விற்கிற ஐந்து பிள்ளைகள், ஒன்பதிலிருந்து பதினைந்து வயது. வாங்குகிறவர்கள் போலப் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே கணக்குகளைப் பின்னால் காகிதத்தில் பள்ளி முறையில் கொடுத்தபோது சரியானது நூற்றுக்கு முப்பத்தேழுதான். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், தேங்காய் ஒன்று 35, நாலு வேண்டும் என்றதும், மூன்று 105, இன்னொன்று சேர்த்தால் 140 என்று வாயாலேயே சொல்லிவிட்டான். அதே பையன் காகிதத்தில் 35-ஐ நாலால் பெருக்கி 200 என்று எழுதினான். மீதி இரண்டை எங்கே கூட்டுவது என்று குழம்பிவிட்டான். தேங்காய் கையில் இருந்தால் அவன் 200 என்று ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் சிவப்பு மைச் சுழி வாங்கிய எத்தனை பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள் தெரியுமா.

புத்தியை அளக்கிற தேர்வுகளின் கதையும் இதுதான். பிரான்சில் 1905-ல் பினே என்ற உளவியலாளர் அதைச் செய்ததே, பள்ளியில் எந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். பள்ளிக்காகச் செய்த அளவுகோலை எடுத்து, பள்ளிக்கு வெளியே நிற்கிற மனிதர்களையும் அளந்துவிட்டு, இவனுக்குப் போதவில்லை என்கிறோம்.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஜி.டி. நாயுடுவைச் சொல்வார்கள். பட்டமில்லாதவர், 1937-ல் நாட்டின் முதல் மின்மோட்டார் வந்ததில் அவருக்குப் பங்குண்டு, எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அந்த உதாரணம் பிடிப்பதில்லை. ஒரு மேதையைக் காட்டிவிட்டால், கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தகரக் கூரைக்குக் கீழே லேத்தில் நிற்கிற டர்னர்களை நிமிர்ந்து பார்க்காமல் போய்விடலாம்.

எனக்கு மூர்த்தியோடு சேர்த்து நினைக்கத் தோன்றுகிறவர் விவியன் தாமஸ். அமெரிக்காவில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த கறுப்பின இளைஞர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் வங்கி முழுகியதில் போய்விட்டது. 1930-ல் பிளாலாக் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேலையோ ஆராய்ச்சி, பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர். உடம்பு நீலம் பாரித்துப் பிறக்கிற குழந்தைகளுக்கான இதய அறுவையை நாய்களிடம் செய்து செய்து பக்குவப்படுத்தியவர் அவர்தான். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் குழந்தைக்கு அந்த அறுவை நடந்தபோது, பிளாலாக்குக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ அறுவை மருத்துவர்கள் அவரிடம் கை பழகினார்கள். கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க 1976 ஆயிற்று. மூர்த்தியை ஸ்டோர் ரூமில் உட்காரச் சொன்னார்கள் என்றதும் எனக்கு அந்த முக்காலிதான் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் நீ சிரிப்பாய். "ஓஹோ, வாத்தியார் ராஜாஜி பக்கம் போய்விட்டார்" என்பாய். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். 1953-ல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பனின் தொழில் என்று திட்டம் போட்டார்களே, அப்போதும் கைத்தொழிலை உயர்த்தித்தான் பேசினார்கள். யார் பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போயிருக்கும் என்று உன் அப்பா நமக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எனக்கு மறக்கவில்லை. அடுத்த வருடமே காமராஜர் அதை எடுத்தெறிந்தார். எறிந்திருக்காவிட்டால் நீயும் நானும் இந்தக் கடிதத்தை எழுதிப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். பட்டறையில் புத்தி இருக்கிறது என்று நான் சொல்வது, பட்டறைக்காரன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்பதற்காக இல்லை. மூர்த்தியே தன் மகளை லேத் பக்கம் விடவில்லை தெரியுமா? அவளுக்கு அவன் கை அப்படியே வந்திருக்கிறது. ஆனாலும் கணினி படிக்க வைத்து ஓசூருக்கு அனுப்பினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் புத்திக்கு இந்த ஊர் என்ன மரியாதை கொடுக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

எது புத்தியை நன்றாகக் காட்டும் என்று கேட்டால், தொழில் என்றே சொல்வேன். பரீட்சையில் புரியாமலே எழுதி எழுபது வாங்கலாம், வாங்கியவர்களை நான் தினமும் பார்த்தேன். புரியாமல் வெட்டிய மரையில் நட்டு ஏறாது. ஆனால் புத்தியைக் காட்டிவிட்டால் மட்டும் போதுமா? கதவைத் திறப்பது இன்னும் காகிதம்தான். அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது.

டர்னருக்கான அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. அனுபவச் சான்று பழைய முதலாளி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். கணக்கு ஒன்றுதான் பாக்கி, 35 மார்க் போதும். நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "இந்த வயசில் சின்னப் பசங்களோடு பெஞ்சில் உட்காரணுமா, போடா" என்று எழுந்து போய்விட்டான். நான் சொன்னால் வாத்தியார் சொல்வதாக எடுத்துக்கொள்கிறான். நீ சொன்னால் கேட்பான், எட்டாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். அந்தச் சைக்கிள் விஷயத்தைச் சொல்லி மிரட்டினாலும் சரி.

பகலில் போன் போடாதே, பட்டறை லேத் சத்தத்தில் எடுக்க மாட்டான். ராத்திரி எட்டரைக்கு மேல் போடு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு விண்ணப்பம் அடுத்த மாதக் கடைசி வரைக்கும்தான் வாங்குவார்கள், அதற்குள் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. புத்தகம் வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
சந்திரன்