பெரியவளுக்கு, சுவரை மூடுறதுக்கு முன்னாடி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுறேன். உன் ஃப்ளாட் பாத்ரூமை உடைச்சுப் புதுசாக் கட்டுறதுக்கு, நம்ம டைல்ஸ் கடை நம்பருக்கு நீ அனுப்பின லிஸ்ட் வந்துச்சு. கடைப் பையன் அதை பிரிண்ட் எடுத்து மத்த பார்ட்டிங்க லிஸ்ட்டோட ஆணியில குத்தி வச்சுட்டான். ராத்திரி கணக்கு முடிக்கும்போது கையெழுத்தைப் பார்த்துத்தான் உன்னுதுன்னு தெரிஞ்சுது. என் நம்பருக்கே அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும். 8 அடிக்கு 5 அடி, கதவு 2½, ஜன்னல் எந்தச் சுவர்ல, கமோடு குழாய் எந்த மூலைன்னு படம் போட்டு எழுதியிருக்க. இத்தனை வருஷத்துல எந்த பார்ட்டியும் எனக்கு இப்படி ஒரு லிஸ்ட் குடுத்ததில்ல. சித்திகிட்டயும் காட்டினேன்.

ஒரே ஒரு இடம்தான் உதைக்குது. ஷவர் பாயிண்ட் 6½ அடின்னு போட்டிருக்க. டைல்ஸ் முடிஞ்ச தரையிலிருந்து 7 அடியில வரணும். 6½-ல வச்சா சுவர்லயிருந்து நீட்டுற குழாயில தொங்குற ஷவர் தலை இன்னும் 4 அங்குலம் கீழ வந்துரும். உனக்கு அது தாராளம். மாப்பிள்ளை 6 அடி 1 அங்குலம், அவருக்கு உச்சந்தலைக்கும் ஷவருக்கும் நடுவுல ஒரு அங்குலந்தான் மிஞ்சும். அவசரத்துல எழுதியிருப்ப. நான் 7-ன்னு திருத்தி வச்சிருக்கேன்.

இப்ப வேலையைச் சொல்றேன். பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டிரலாம், மூணு நாள்ல முடிஞ்சுரும்னு ஒருத்தன் வருவான். கேக்காத. 18 வருஷ ஃப்ளாட். சங்கன் ஸ்லாப், அதான் பாத்ரூமுக்குன்னு தாழ்த்திப் போட்ட தளம், 9 அங்குலத்துலயிருந்து 1 அடி வரைக்கும் பள்ளமா இருக்கும். அதுல செங்கல் துண்டும் கலவையும் போட்டு மூடியிருப்பாங்க. இத்தனை வருஷத் தண்ணிய அது குடிச்சு வச்சிருக்கும். ஸ்லாப் தெரியுற வரைக்கும் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. 9 அங்குலம்னே வச்சாலும் 30 கன அடி, உடைச்சா இன்னும் உப்பும், 50 மூட்டைக்குக் குறையாது. லிஃப்ட்ல இறக்க விடுவாங்களான்னு சங்கத்துல முதல்லயே கேட்டுக்கோ. கீழ் வீட்டுக்காரங்ககிட்டயும் நீயே போய் ஒரு வார்த்தை சொல்லிரு. பிறகு அவங்க வீட்டு சீலிங்கைப் பார்க்க உள்ள போக வேண்டியிருக்கும்.

ஸ்லாப்பைக் கழுவி காய விட்டதும், தரையும் சுவரும் சேர்ற மூலையெல்லாம் கலவை வச்சு 2 அங்குலத்துக்கு வளைவா உருட்டி விடணும். நேர் மூலையா விட்டா பூசுற கோட்டிங் முதல்ல அங்கதான் வெடிக்கும். குழாய் ஸ்லாப்பைத் துளைச்சுப் போற இடத்துல சுத்திவரக் கொத்தி, சுருங்காத கிரௌட், அதான் இடுக்கை நிரப்புற கலவை, ஊத்தணும். வெறும் சிமென்ட் அடைச்சா காயும்போது குழாயை விட்டு விலகிரும், மயிரிழை போதும் தண்ணிக்கு. அதுக்கு மேல பாலிமர் கலந்த சிமென்ட் கோட்டிங் ரெண்டு கை. முதல் கை நீளவாக்குல, ரெண்டாவது கை குறுக்குவாக்குல. மூலையிலயும் குழாயைச் சுத்தியும் ஃபைபர் வலை பதிக்கச் சொல்லு. சுவர்ல தரைமட்டத்துக்கு மேல 1 அடி, ஷவர் சுவர்ல மட்டும் ஆள் உயரத்துக்கு மேல.

இனிமே சொல்றதைத்தான் நீ விடவே கூடாது. கோட்டிங் காய்ஞ்சதும் குழாய் வாயை அடைச்சு 2 அங்குலத்துக்குத் தண்ணி கட்டு. சுவர்ல தண்ணி மட்டத்துல பென்சில் கோடு போட்டு, பக்கத்துலயே தேதி, மணி எழுது. 48 மணி நேரம் நிக்கணும். சாயங்காலமே "நிக்குதுக்கா, விட்ரலாமா"ன்னு கேப்பாங்க. மறுநாள் கூலி போகுதேன்னு அவங்களுக்கு அவசரம். நீ அசையாத. ரெண்டு மூணு மில்லிமீட்டர் இறங்கினா காத்துக்குப் போனது. அரை அங்குலம் இறங்கினா ஒழுக்கு. கீழ் வீட்டு சீலிங்கைக் கண்ணால பார்த்தா மட்டும் போதாது, உள்ளங்கையை வச்சுப் பாரு, சில்லுன்னு இருந்தாலே ஈரம் வந்துருச்சுன்னு அர்த்தம். ஒழுகுற இடம் ஒண்ணா இருக்கும், ஈரம் தெரியுற இடம் நாலு அடி தள்ளி இருக்கும். மேல பூசி மூடினவன் கடைசி வரைக்கும் தப்பான இடத்தையே கொத்திக்கிட்டு இருப்பான். ராஜபாளையம் வீட்டுல அப்பா பட்ட பாடு உனக்கே தெரியும்.

அதுக்குப் பிறகுதான் கழிவுக் குழாய் போட்டு, பள்ளத்தை நிரப்பி, மேல தண்ணி ஓட சரிவு குடுக்கிற வாட்டக் கலவை. வாட்டக் கலவை மேலயும் இன்னொரு தடவை கோட்டிங், இன்னொரு தடவை தண்ணி கட்டிப் பார்க்கணும். ரெண்டு தடவை எதுக்குன்னு கேப்பாங்க. கீழ இருக்கிறது கீழ் வீட்டைக் காப்பாத்தும். மேல இருக்கிறதுதான் உன் சங்கன் பள்ளத்துல தண்ணி தேங்காம பார்க்கும்.

கமோடுக்கு 4 அங்குலக் குழாய், தரைத் தண்ணிக்கு 3 அங்குலம். சுவருக்குள்ள சுடுதண்ணி தாங்குற சிபிவிசி குழாய். கீசர்லயிருந்து வர்ற சுடுதண்ணிக்கு சாதா பிவிசி இளகிரும். டேப் மாட்டுற ஒவ்வொரு இடத்துலயும் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்தான் இருக்கணும், பிளாஸ்டிக் மரைன்னா ரெண்டாவது தடவை டேப் மாத்தும்போது சுவருக்குள்ளயே முறிஞ்சுரும். பூசுறதுக்கு முன்னாடி கை பம்ப் வச்சு 10 கிலோ பிரஷர் ஏத்தி ராத்திரி முழுக்க விட்டுட்டு, காலையில முள் இறங்கியிருக்கான்னு பாரு. பிறகு நாலு சுவரையும் இன்ச் டேப்பை விரிச்சு வச்சே போட்டோ எடுத்துக்கோ. நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஓட்டை போடும்போது எங்க குழாய் ஓடுதுன்னு அந்தப் போட்டோதான் சொல்லும்.

உயரமெல்லாம் எழுதுறேன், பிளம்பர் கையில குடு. ஷவர் 7 அடி. ஷவருக்கும் டேப்புக்கும் தண்ணி மாத்தி விடுற டைவர்ட்டர் 3½ அடி. பக்கெட் டேப் 2 அடி, அதுக்குக் கீழ வச்சா 20 லிட்டர் பக்கெட்டைத் தூக்க முடியாது. வாஷ்பேசின் விளிம்பு 32 அங்குலம். கழுவுற கை ஸ்ப்ரே, அந்த ஹெல்த் ஃபாசட், உக்காந்தா வலது கைப் பக்கம், தண்ணிய அடைக்க தனி ஆங்கிள் காக் வால்வோட. ராத்திரியில அந்தக் காக்கை மூடிட்டுப் படு, அந்த டியூப் வெடிச்சு வீடு முழுக்கத் தண்ணியா கிடந்த கதை எங்ககிட்ட மாசத்துக்கு ஒண்ணு வருது.

கமோடு சுவர்ல மாட்டுறது வேணும்னு எழுதியிருக்க. பார்க்க அழகு, கீழ துடைக்கவும் சுலபம், ஒத்துக்கிறேன். ஆனா உன் சுவர் 4½ அங்குலச் செங்கல். அது எடை தாங்காது. தரையில போல்ட் அடிக்கிற இரும்பு ஃபிரேமும், அதை மறைக்க 6, 8 அங்குலத்துக்கு ஒரு சின்னச் சுவரும் வேணும். 5 அடி அகலத்துல அது போனா கதவு திறக்கும்போது முட்டியில இடிக்கும். தரையில நிக்கிற ஒன்-பீஸ் எடு. எஸ் ட்ராப், அதான் கமோடு தரைக்குள்ள இறங்குற குழாய், சுவர்லயிருந்து 9 அங்குலம்னு குறிச்சிருக்க, அது பழைய டைல்ஸ் மேல வச்சு அளந்ததா, பூச்சுல வச்சு அளந்ததா? புது டைல்ஸ், பசை எல்லாம் சேர்த்து முடிஞ்ச சுவர்லயிருந்து குழாய் நடு வரைக்கும் அளக்கணும். அரை அங்குலம் குறைஞ்சாலும் டேங்க் சுவர்ல முட்டும், கமோடு உக்காராது. கடைக்குத் திரும்பி வர்ற கமோடுல பாதி இந்தத் தப்புலதான் வருது.

டைல்ஸ் கணக்கு சரியா போட்டிருக்க. சுத்தளவு 26 அடி, 7 அடி உயரம், கதவு கழிச்சு 165 சதுர அடி, சேதாரம் பத்து சதவீதம், 2-க்கு 1 டைல்ஸ் 19 பெட்டி. ஒரு பெட்டி கூட அனுப்புறேன், பரண்ல போட்டு வை. டைல்ஸ் செய்யுற குஜராத் மோர்பியிலயிருந்து அடுத்த லோடு வரும்போது இதே நிறம் இருக்காது. பெட்டி மேல பேட்ச், ஷேடு நம்பர் எல்லாம் ஒண்ணா இருக்கான்னு பிரிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துரு.

தரைக்கு நீ கேட்ட பளபளப்பு வெள்ளை வேணாம். என் கடையில இருக்கு, ஆனா உனக்குத் தர மாட்டேன். சோப்புத் தண்ணி பட்டா அது கண்ணாடி. தரைக்கு 1-க்கு 1 மேட், ஆர் 10-ன்னு வழுக்காத அளவு போட்டது. குளிக்கிற இடத்துல ஆர் 11. பெரிய டைல்ஸை தரையில போட்டா வாட்டம் குடுக்க முடியாது, சின்னதுதான் சரிவுக்கு ஒத்துழைக்கும். 8 அடி நீளத்துக்கு 1¼ அங்குலம் இறக்கம், ஷவர் மூலையில தரைத் தண்ணி இறங்குற நானி ட்ராப்பைப் பார்த்து. ஒட்டி முடிச்ச அன்னைக்கே ஒரு சொம்புத் தண்ணிய கதவோரம் ஊத்து. எங்கயும் நிக்காம ஜாலிக்குள்ள போகணும். கதவுகிட்ட தரை பெட்ரூமை விட அரை அங்குலமாவது தாழ்வா இருக்கட்டும், நடுவுல கிரானைட் பட்டை.

ஒட்டுறவர் டைல்ஸ் பின்னாடி நாலு மூலையும் நடுவும் அஞ்சு உருண்டை பசை வச்சு அப்பினார்னா அங்கயே நிறுத்து. பல் கரண்டியால முழுசா இழுத்துப் பரப்பணும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணிய இழுக்காது, வெறும் சிமென்ட் பால்ல பிடிக்காது. அதுக்கான பசை 20 கிலோ மூட்டை 6 அனுப்புறேன். டைல்ஸ் பின்பக்கம் வெள்ளையா மாவு இருக்கும், ஈரத்துணியால துடைச்சுட்டு ஒட்டணும். மறுநாள் விரல் கணுவால தட்டிப் பாரு. உள்ள காலியா இருந்தா சத்தம் மாறும். ஹேங்கர் மாட்ட டிரில் போடும்போது அதுதான் விரியும். இடுக்குக்கு எபாக்ஸி கிரௌட் போடு, 2 மில்லிமீட்டர். கலந்தா அரை மணிக்குள்ள துடைச்சு எடுத்துரணும், காய்ஞ்சா டைல்ஸ் மேல மங்கலாப் படிஞ்சது போகாது.

கருப்பு மேட் டேப் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. வேளச்சேரியில உங்களுக்கு போர் தண்ணியும் லாரித் தண்ணியும்தானே வருது? ஒரு வாரத்துல வெள்ளை வெள்ளையா உப்புப் பூக்கும். குரோம் எடு. டேப் நுனி வலையை மாசம் ஒரு தடவை கழட்டி வினிகர்ல ஊறப் போடு. பாத்ரூம் ஆசிட் மட்டும் வீட்டுக்குள்ள வரவே கூடாது, குரோமையும் உரிச்சுரும், மூச்சையும் அடைக்கும்.

கீசர். 25 லிட்டர்னு எழுதி அடிச்சுட்டு 15 போட்டிருக்க. அடிச்ச கோடு ரெண்டு தடவை ஓடியிருக்கு. ஒருத்தருக்கு 15 போதும், அடுத்தடுத்து ரெண்டு பேர் குளிக்கணும்னாதான் 25. விலையைப் பார்த்து அடிச்சிருந்தா அதை யோசிக்காத, நான் பார்த்துக்கிறேன். வயர் 4 ஸ்கொயர் மில்லிமீட்டர், சுவிட்ச் வெளிய, மின்கசிவு வந்தா தானா அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

டவல் ராடும் ஒண்ணுதான் எழுதியிருக்க.

பெரியவளே, வைகாசியில நீ வந்து நாலு நாள் இருந்தப்ப, அதுல ரெண்டு சாயங்காலம் கடையில பெட்டி மேல உக்காந்து இருந்த. "அம்மா, ஒண்ணு பேசணும்"னு ஆரம்பிச்ச. நான் "லோடு இறங்குது, இரு"ன்னு சொன்னேன். லோடு இறங்கி முடிஞ்ச பிறகும் நான் கேக்கல. கேட்டா என்ன வருமோன்னு பயந்துதான் கேக்கல. பஸ் ஏத்தி விடும்போது, நீ வாயைத் திறக்காமலேயே "மாப்பிள்ளையை அனுசரிச்சுப் போ"ன்னு சொல்லி அனுப்பினேன். உன் முகம் மாறினதைப் பார்த்தேன். பார்த்தும் கையை ஆட்டிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் நீ போன்ல சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு கேட்டு வச்சுர்ற. தப்பு என்னுது. நீ பேச வந்தப்ப நான் காது குடுக்கல.

சாமான் வெள்ளிக்கிழமை லாரி பார்சல்ல ஏறும். சானிட்டரி பெட்டியை அங்கயே பிரிச்சு, விரிசல் இருக்கான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு. தண்ணி கட்டுறது 48 மணி நேரம், மறந்துராத. அந்த ரெண்டு நாளும் வேலை இருக்காது. நான் வந்து கூட இருக்கேன், கடையைப் பையன் பார்த்துப்பான்.

7-ன்னு நான் திருத்தினதை அழிச்சுட்டேன். ஷவர் 6½-ஆ 7-ஆ, கீசர் 15-ஆ 25-ஆ, நீ சொல்றதைத்தான் அனுப்புவேன். எதுவா இருந்தாலும் சரி. சுவரைப் பூசுறதுக்கு முன்னாடி சொல்லிரு. கடை நம்பருக்கு வேணாம், என் நம்பருக்குக் கூப்பிடு. ராத்திரி 9 மணிக்கு மேல ஷட்டர் இறக்கிட்டு ஃப்ரீயாத்தான் உக்காந்திருப்பேன்.

அம்மா