நட்சத்திரமும் குடிலும் இருக்க மரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்ததுமே சேலம் கடைவீதிகளில் பச்சை பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரங்கள் வரிசை கட்டிவிடுகின்றன. நாலடி மரம் ஒன்று, அதில் தொங்கவிட உருண்டை, மணி, ஜிகினா என்று வாங்கினால் பண்டிகைத் துணிக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு முடியாதவர்கள் சவுக்குக் கிளையை வெட்டித் தொட்டியில் ஊன்றுகிறார்கள். வெட்டிய சவுக்கு ஒரு வாரத்துக்குள் காய்ந்து, தொட்டாலே கொட்டும். அதன்மேல் சீரியல் பல்பைச் சுற்றுவது விறகுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி வைத்த மாதிரிதான். ஏற்காட்டு மலையில் மரத்தில் கைவைப்பதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

மரம் வைப்பது ஜெர்மானியர் வழக்கம். விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் அது இங்கிலாந்திலேயே வீட்டுக்கு வீடு பரவியது. இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் காட்டும் குடில் அதற்கு வெகுகாலம் முந்தியது. 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத் தொடங்கிவைத்தது. நம் பக்கத்து வீடுகளிலும் வாசலில் நட்சத்திரம், உள்ளே குடில் என்பதுதான் கிறிஸ்துமஸ். இரண்டையும் இந்த மாவட்டத்தில் கிடைக்கும் பொருளை வைத்தே ஒழுங்காகச் செய்துவிடலாம். அந்த முறையைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

நட்சத்திரத்துக்கு இரண்டரை அடி, அதாவது 30 அங்குல நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சுகள் வேண்டும். அகலம் சுண்டுவிரலைத் தாண்டக்கூடாது. ஆறு அங்குலத்தில் ஐந்து குச்சிகள் தனியாக வேண்டும். கூடை, முறம் முடைபவர்களிடம் சொன்னால் பிளந்தே தருவார்கள். நேற்று வெட்டிய பச்சை மூங்கில் ஆகாது. காயக் காய மெலிந்து கட்டு தளரும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்ததும் ஆகாது; வளைக்கும்போது பிளந்துகொள்ளும். பத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே அளவாக நறுக்கிவிடுங்கள். ஒரு பிளாச்சு அரை அங்குலம் கூடினாலும் நட்சத்திரம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 11½ அங்குலத்தில் பேனாவால் கோடு போடுங்கள். நடுவில் 7 அங்குலம் மிஞ்சும். பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடம் சரியாக இந்தக் கோடுகளில் விழுந்தால் ஐந்து கையும் சமமாக வரும். கண்ணளவில் கட்டுகிறவர்களுக்குக் கோணலாவது இங்கேதான். கோடு இருக்கிற இடத்தில் கணு வந்தால் அந்தப் பிளாச்சை மாற்றிவிடுங்கள். கணுமேல் கட்டு நிற்காது. ஐந்து பிளாச்சை, கையை எடுக்காமல் நட்சத்திரம் வரைவதுபோல முனையோடு முனை வைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு பிளாச்சும் ஒரு வெட்டில் மேலே, அடுத்ததில் கீழே என்று பின்னிப் போகட்டும். பின்னாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினால் தூக்கிப் பிடிக்கும்போதே முறுக்கிக்கொள்ளும். கட்டுவதற்குச் சணல் அல்லது பருத்தி நூலை நனைத்துப் பயன்படுத்துங்கள், காய்ந்ததும் இறுகும். நைலான் வழுக்கும்.

இப்படி இரண்டு நட்சத்திரம் ஆனதும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவிலுள்ள ஐந்து வெட்டுகளிலும் ஆறு அங்குலக் குச்சிகளை முட்டுக் கொடுக்க வேண்டும். குச்சியின் இரு முனையிலும் கத்தியால் சிறு பள்ளம் வெட்டியிருந்தால் நழுவாது. ஒரு பக்கத்து முட்டுகளை முழுக்க நிமிர்த்திவிட்டு அடுத்த பக்கம் போனால் பிளாச்சு ஒடிந்துவிடும். ஐந்தையும் முதலில் சாய்வாக நுழைத்துவிட்டு, சுற்றிச்சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள்.

ஒட்டுவதற்குப் பட்டத்தாள், 20-க்கு 30 அங்குலத்தில், ஐந்து தாள் போதும். இரண்டு பக்கம் 11½ அங்குலமும் அடி 7 அங்குலமுமாக முக்கோணம் பத்து; அதே பக்க அளவும் அடி 6 அங்குலமுமாகக் கைகளின் விலாவுக்கு இன்னொரு பத்து; நடுவுக்கு 7 அங்குல ஐங்கோணம் இரண்டு. எல்லாவற்றுக்கும் முக்கால் அங்குலம் ஓரம் விட்டு வெட்டுங்கள். விலாவை முதலில் ஒட்டி, முன்பக்கம் பின்பக்கத்தை அதன்மேல் மடித்து, ஐங்கோணத்தைக் கடைசியாக ஒட்டினால் பிசிறு தெரியாது. பசையை மூங்கிலில் தடவுங்கள்; தாளில் தடவினால் ஊறிக் கிழியும். கீழ்க்கை ஒன்றின் விலாவில் ஒரு முக்கோணத்தை ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக் கதவுபோல் விடுங்கள். பல்பு மாற்ற அதுதான் வழி.

பசையைக் கடையில் வாங்காதீர்கள். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு டப்பா பசைக்குக் காசு கொடுப்பது அடுக்குமா? மரவள்ளி மாவு 50 கிராமை முதலில் 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற 400 மில்லி தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் ஆகும்போது இறக்கிவிடலாம். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து உள்ளே மாவு மாவாகவே கட்டிதட்டிப் போகும். மைதாப் பசைபோல இது பழுப்புக் கறை விடாது. பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் பைண்டு செய்பவர்கள் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் கைவைக்கும் வேலையில் வேண்டாம். மறுநாள் பசை நீர்த்துப் புளித்துவிடும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

சேலத்துக்குள் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். ஏற்காட்டில் பட்டத்தாள் சரிப்படாது. மாலையில் இறங்குகிற மஞ்சில், அதாவது மூடுபனியில், தாள் தொய்ந்து, ஒட்டு விட்டு, இரண்டே நாளில் நட்சத்திரம் எலும்புக்கூடாக நிற்கும். அங்கே பழைய பருத்தி வேட்டியே நல்லது. அதே அளவில் வெட்டி, அதே பசையை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து இழுத்து ஒட்டுங்கள். ஓரங்களை மட்டும் ஊசிநூலால் இரண்டிரண்டு தையல் போட்டுவிட்டால் மஞ்சிலும் கழன்றுபோகாது. வெளிச்சம் வேட்டி வழியாகக் கசிந்து வருவது, எங்கள் கண்ணுக்கு, கலர்த் தாளைவிட அழகு. மஞ்சள் நிறம் வேண்டுமென்று மஞ்சள்தூளில் தோய்த்தால் நாலு வெயிலில் வெளுத்துவிடும்.

உள்ளே 5 வாட் எல்இடி பல்பு ஒன்று போதும். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் தாள் முதலில் பழுப்பேறும், பிறகு பொசுங்கும். வயர் இணைப்பு வெளியே மஞ்சு படுகிற இடத்தில் இருக்கக்கூடாது. மூங்கில், தாள், நூல் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். பல்பு வீட்டிலேயே இருக்கும்.

அடுத்தது குடில். இதில் முக்கியமானது பச்சை. கேழ்வரகு முளைவிட்டால் நல்ல புல்தரை கிடைக்கும், முளைப்பாரி போடத் தெரிந்த ஊருக்கு இது புதிதுமில்லை. இரண்டடிக்கு ஒன்றரையடித் தட்டுக்கு முழுக் கேழ்வரகு 60 கிராம் போதும். இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒருநாள் வைத்தால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மணலும் மக்கிய எருவும் பாதிப்பாதி கலந்து இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, அதன்மேல் தூவி, இரண்டு நாள் மூடிவைத்துப் பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். சேலத்து வெப்பத்துக்கு டிசம்பர் 15-ல் ஊறவைத்தால் 24-க்குப் பதமாக இருக்கும். ஏற்காட்டுக் குளிரில் மெதுவாகத்தான் வளரும், 11 அல்லது 12-ஆம் தேதியே ஊறவையுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். சொம்பில் ஊற்றினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கும். தேங்கினால் தண்டு அடியில் அழுகிக் கூட்டமாகச் சாயும். காலை, மாலை கையால் தெளித்தால் போதும். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தட்டைத் தினமும் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் புல் முழுக்க ஜன்னலைப் பார்த்துத் தலைசாய்த்து நிற்கும். கார்த்திகைக்கு வாங்கிய அகல்கள் இருந்தால் ஈரப்பஞ்சு வைத்துக் கடுகு தூவலாம், ஐந்தாறு நாளில் ஜன்னல் ஓரம் முழுக்கப் பச்சைக் கிண்ணங்களாக நிற்கும். எண்ணெய் ஊற்றிய அகலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் கடுகு முளைக்காது.

மலைக்குக் காக்கித் தாளைக் கசக்கி அதே பசையில் தோய்த்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துவிடுங்கள். மேலே காபிச் சக்கையைத் தூவினால் நிஜ மண்போல இருக்கும். பில்டரிலிருந்து எடுத்ததை அப்படியே கொட்டினால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும், இரண்டு வெயில் காய்ந்திருக்க வேண்டும். படி தேவைப்பட்டால் பக்கத்து வீட்டுக் கொலுப் பலகை டிசம்பரில் சும்மாதான் கிடக்கும், கேட்டால் தருவார்கள்.

வெண்பனிக்காக இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். குடிலில் தெர்மாகோலைத் துருவிக் கொட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. துருவிய தூள் காற்றில் பறந்து சாக்கடைக்குப் போகிறது, ஒருவராலும் பொறுக்க முடியாது. பஞ்சு வைத்தால் ஒரு பொறி போதும். பெத்லகேம் சுமார் 775 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எப்போதாவது பனி விழுவதுண்டு. ஏற்காடு அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம், இங்கே ஒரு துளிகூட விழுந்ததில்லை. பனியில்லாத குடில் எந்த விதத்தில் குறை? வெள்ளை இருந்தே ஆக வேண்டுமென்றால் கல்லைப் பொடித்துச் செய்த கோலமாவை மலை முகட்டில் சல்லடையால் சலித்துவிடுங்கள். அரிசிமாவு என்றால் எறும்பு வந்துவிடும்.

கதவில் மாட்டும் வளையத்துக்கு உன்னிச்செடிக் கொடி. சேர்வராயன் மலையில் காட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிற அந்நியச் செடி அது, வெட்டுவது காட்டுக்கு நல்லதுதான். பென்சில் பருமனில் ஐந்தடி நீளமாக ஆறு தண்டு எடுத்து, கையுறை போட்டு முள்ளையும் இலையையும் உருவி, கொதிநீரில் கால்மணி நேரம் போட்டால் தோல் தானே கழன்று, வளைத்த பக்கம் வளையும். ஒரு வாளியைச் சுற்றிப் பின்னி, காயும்வரை அப்படியே விடுங்கள். உருவிய இலையை ஆடு மாடு மேய்கிற பக்கம் போடாதீர்கள், அவற்றுக்கு நஞ்சு. வளையத்தில் சொருகச் சில்வர் ஓக் சருகு. காபித் தோட்டத்து வழியெங்கும் உதிர்ந்து கிடக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல இருப்பதால் புரட்டிச் சொருகினால் ஜிகினாவே தேவைப்படாது. சிவப்புக்குக் குண்டு மிளகாய் வற்றலைக் காம்போடு கட்டுங்கள். காபிப் பழம் முதல் நாள் ஜொலிக்கும், நாலைந்து நாளில் கறுத்து ஈ மொய்க்கும். போதாததற்கு அது யாரோ ஒருவருடைய விளைச்சல். குன்றிமணியைக் குழந்தைகள் உள்ள வீட்டில் தொடவே வேண்டாம், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆணி அடிக்க விடாத வாடகை வீட்டில் கவாத்துப் போட்ட காபிக் குச்சிகள் ஏழு எடுத்து, மூன்றடியிலிருந்து அரையடி வரை படிப்படியாகக் குறைத்து, கயிற்றில் ஏணிபோல் கட்டித் திரைச்சீலைக் கம்பியிலேயே தொங்கவிடலாம். வந்த வாழ்த்து அட்டைகளை அதில் கிளிப் போட்டுக்கொள்ளலாம்.

தேவாலயப் பங்குகளிலும் சபைகளிலும் குடில் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயரத்துக்கும் விளக்கு எண்ணிக்கைக்கும் மதிப்பெண் போடும்வரை தெர்மாகோலும் வெட்டிய கிளையும் வந்துகொண்டேதான் இருக்கும். தெர்மாகோல் இருந்தால் போட்டியில் இடமில்லை என்று அறிவிப்பிலேயே போடுங்கள். முளைவிட்ட பச்சைக்கும் கையால் செய்த நட்சத்திரத்துக்கும் தனி மதிப்பெண் வையுங்கள். அறிவிப்பு நவம்பர் கடைசியிலேயே வந்துவிட வேண்டும். டிசம்பர் 20-ஆம் தேதி சொன்னால் கேழ்வரகு வளராது.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் புல்லை மாட்டுக்கும், காபிச் சக்கையைச் செடிக்கும் போடலாம். நட்சத்திரத்தின் முட்டுக் குச்சிகள் ஐந்தையும் உருவிவிட்டால் சட்டம் தட்டையாகிவிடும். அடுப்பங்கரைப் பரண்மேல், புகை படும் இடத்தில் சாய்த்து வைத்தால் மூங்கிலில் உளு விழாது. அடுத்த டிசம்பருக்குத் தாளும் பசையும் மட்டும் புதிதாக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
குடில் கட்டும் வாசகர்கள் சிலர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.