ஹாம்பர்க்கில் ஒரு நாள்: முதலில் ஓதம், பிறகு மியூசியம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் உடன் வருவதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஹாம்பர்க்கில் ஒரே ஒரு பகல்தான், எங்கே போவது என்று கேட்டிருக்கிறாய். எங்கே என்பதை விட எத்தனை மணிக்கு என்பதுதான் அந்த ஊரில் முக்கியம். கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் எல்பே ஆற்றில் அங்கே ஓதம், அதாவது கடலின் நீரேற்ற வற்றம், ஏறி இறங்குகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். பெரிய கப்பல்களுக்காக ஆற்றை மீண்டும் மீண்டும் ஆழப்படுத்தியதால் இந்த வித்தியாசம் முன்பை விடக் கூடிவிட்டது.

ஆகவே முதல் வேலை, சாங்க்ட் பவுலி என்ற இடத்திலுள்ள நீர்மட்ட அளவுமானியின் ஓத அட்டவணையைப் பார்ப்பது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறை முழுவதும் மிதவைகளின் மேல் நிற்கிறது. நீர் வற்றும்போது மிதவையும் இறங்கும், கரையிலிருந்து போகும் நடைபாலம் சரிந்து செங்குத்தாகும். தங்கச்சியின் முழங்காலுக்கு ஏற்ற நேரத்தில் போவதே நல்லது.

ஆனால் உச்ச ஏற்றத்தில் பழைய கிடங்குகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்களுக்குள் சுற்றுலாப் படகுகள் நுழைய முடியாது, பாலம் இடிக்கும். நன்றாக வற்றிவிட்டாலோ கால்வாயில் சேறு தெரியும், அப்போதும் நுழைய முடியாது. சீட்டு வாங்கும் முன் 'இந்தச் சுற்று ஸ்பைஷர்ஷ்டாட்டுக்குள் போகுமா?' என்று கேட்டுவிடு. கேட்காமல் ஏறினால் பெரிய துறைமுகத்தை மட்டும் சுற்றிக்காட்டி இறக்கிவிடுவார்கள்.

ஸ்பைஷர்ஷ்டாட் என்பது அந்தச் செங்கல் கிடங்கு நகரம். 1888-இல் ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, தீர்வை இல்லாமல் சரக்கு வைக்க ஒரு பகுதியை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அதற்காக அங்கே குடியிருந்த சுமார் இருபதாயிரம் பேரை வெளியேற்றி, அவர்கள் வீடுகளை இடித்துக் கட்டியது இது. அழகைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு முகம் நீர்ப்பக்கம், ஒரு முகம் தெருப்பக்கம். உச்சியில் நீட்டிக்கொண்டிருப்பது சுமை தூக்கும் கருவி. படகிலிருந்து மூட்டையை நேராக மாடிக்கு ஏற்றி, மறுபக்கம் வண்டிக்கு இறக்குவார்கள். தடித்த செங்கல் சுவர் உள்ளே வெப்பத்தை அதிகம் மாறவிடாது. காபி, தேயிலை, மிளகு, கம்பளம் எல்லாம் கெடாமல் இருந்தது அதனால்தான். அந்த ஊர்ப் பணக்கார வணிகர்களுக்கே 'மிளகு மூட்டை' என்றுதான் பட்டப்பெயர். ஸ்பைஷர்ஷ்டாட் மியூசியம் சின்னது, ஒரு மணி நேரம் போதும். மாதிரி எடுக்கும் கருவி, மூட்டைக் கொக்கி, தராசு எல்லாம் அங்கே இருக்கின்றன.

அங்கிருந்து நடந்தே சர்வதேசக் கடல்சார் மியூசியத்துக்குப் போகலாம். 1879-இல் கட்டிய கிடங்கில், பத்துத் தளங்கள். கீழிருந்து ஏறினால் ஐந்தாவது தளத்திலேயே கால் சோர்ந்துவிடும். லிஃப்டில் ஒன்பதாம் தளத்துக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டே பார். ஒன்பதில் 1:1250 அளவில் சின்னஞ்சிறு கப்பல்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். மாதிரி ரயில் உலகமான மினியாட்டூர் வுண்டர்லாண்டையும் அதே நாளில் சேர்க்காதே. முன்பதிவில்லாமல் போனால் நீண்ட காத்திருப்பு. உள்ளே போனால் மூன்று நான்கு மணி நேரம் கரையும். ஒரு நாளில் இரண்டு பெரிய மியூசியம் என்றால் இரண்டும் மனதில் நிற்காது.

நீ வேதியியல்காரன், ஆகவே இதைத் தவறவிடாதே. மெஸ்பெர்க் நிலையத்துக்கு அருகே சிலேஹவுஸ். 1922 முதல் 1924 வரை ஃப்ரிட்ஸ் ஹோகர் வடிவமைப்பில் எழுந்த கட்டடம், சுமார் 48 லட்சம் செங்கல். கிழக்கு முனைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார், கப்பலின் முன்மூக்கு உன்னை நோக்கி வருவது போல இருக்கும். கட்டுவித்த ஸ்லோமன் பணம் சேர்த்தது சிலி நாட்டு வெடியுப்பில். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா அதையே நம்பியிருந்தது. அதைச் சுமந்து தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றி வந்த பாய்மரக் கப்பல்களில் ஒன்றான 'பெக்கிங்', 1911-இல் அதே ஊரில் கட்டியது, நியூயார்க்கில் நெடுங்காலம் நின்றுவிட்டு 2020-இல் திரும்பி ஹான்சா துறையில் நிற்கிறது. 1913-இல் ஹாபர்-போஷ் முறை தொழிற்சாலைக்கு வந்தது. காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுக்க முடிந்ததும் அந்த வணிகத்தின் அடிவேர் ஆடிவிட்டது. கட்டடத்தையும் கப்பலையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுமையாகும். ஆனால் பெக்கிங் நிற்கும் துறைமுக மியூசியம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதியைச் சரிபார்த்துக்கொள்.

நேரம் இடம் கொடுத்தால் நிக்கோலாய் தேவாலயக் கோபுரம். 147 மீட்டர் உயரம். இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலைக் குண்டுவீச்சில் நேச நாட்டு விமானங்கள் இதைத்தான் அடையாளமாகக் கொண்டன. தேவாலயம் இடிந்தது, கோபுரம் நின்றது. அந்த நாட்களில் ஊரில் மாண்டவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். லிஃப்டில் 76 மீட்டர் வரை போகலாம். மேலே ஏறும் முன் நிலவறைக் கண்காட்சியைப் பார்த்துவிடு. அதன் பிறகு மேலிருந்து தெரியும் ஊர் வேறாகத் தெரியும்.

பல மியூசியங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பயணத்துக்கு ஒரு நாள் சீட்டு வாங்கு. நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது என்பதால் சீட்டில்லாமல் ஏறிவிட வேண்டாம், பரிசோதகரிடம் சிக்கினால் 60 யூரோ. பாவும்வாலுக்கும் லாண்டுங்ஸ்ப்ரூக்கனுக்கும் இடையே யூ3 ரயில் மேம்பாலத்தில் ஓடும், ஆற்றுப்பக்கம் உட்கார்.

அதே சீட்டு துறைமுகப் படகுக்கும் செல்லும். மாலையில் லாண்டுங்ஸ்ப்ரூக்கனின் மூன்றாம் துறைப்பாலத்தில் 62-ஆம் எண் படகைப் பிடி. போகும்போது வலப்பக்கம் அல்டோனா கரை, இடப்பக்கம் துறைமுகம். நொய்ம்யூலனில் இறங்கினால் பழங்கப்பல் துறையும் மணற்கரையும். சற்று நடந்தால் 1999-இல் ஆற்றடியில் கிடைத்த 217 டன் பாறை. பனியூழியில் பனிப்பாளம் ஸ்வீடனிலிருந்து இழுத்துவந்தது. வெயில் அடித்தாலும் காற்றுத் தடுக்கும் மேலுடை வேண்டும்.

போகும் தேதியை எழுது. அன்றைக்கு நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்து, மணிவாரியாகக் குறித்து அனுப்புகிறேன்.

என்றும் உன்
நண்பன்